எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு பிடிஎஃப் சான்றிதழும்

பேரிடர் மேலாண்மை பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் இப்போது ஒரு கருத்து தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: பயிற்சிக்காக இனி யாரும் ஊர்விட்டு ஊர் போக வேண்டாம், பயிற்சி கைபேசிக்கே வந்துவிட்டது. 2013இல் அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒன்றின் அறக்கட்டளை தொடங்கிய டிசாஸ்டர்ரெடி, 2016இல் பிரிட்டனிலிருந்து வந்த காயா, உலக சுகாதார நிறுவனத்தின் ஓப்பன்டபிள்யூஎச்ஓ, செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பின் கற்றல் தளம், நம் ஒன்றிய அரசின் ஐகாட் கர்மயோகி என்று தளங்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை இலவசம். கொல்லிமலை எடப்புளி நாட்டில் இருக்கும் இளைஞரும் ஜெனீவாவில் இருக்கும் அதிகாரியும் ஒரே பாடத்தைப் படித்து ஒரே சான்றிதழைப் பெறலாம், இதைவிடப் பெரிய சமத்துவம் உண்டா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பயிற்சிக்காகப் பல ஆண்டுகள் அலைந்து, அது போய்ச் சேராத இடங்களைக் கண்டு சலித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் இந்தக் கருத்து தவறு என்றே சொல்வேன். பாடங்கள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை; பல பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. பேரிடர் நேரும் இடத்தில், அது நேர்ந்த முதல் சில மணி நேரத்தில் தேவைப்படும் திறன் வேறு, இந்தத் தளங்கள் தரக்கூடிய திறன் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, எளிதாகக் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு அரிதானதையும் கொடுத்தாயிற்று என்று கணக்கெழுதுவதுதான் இன்று நடக்கிறது.

எடப்புளி நாடு, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ‘நாடு’ என்றே பெயர் முடியும் ஊராட்சிகளில் ஒன்று. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு என்று நீளும் இந்த வரிசையில் ஒவ்வொன்றும் மலைமேல் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுப்பு. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மிளகு, காபி, அன்னாசி, மரவள்ளி, வாழை, இன்னும் மிச்சமிருக்கும் சாமை, இவைதான் பிழைப்பு. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாததென்றால் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கடந்து நாமக்கல் போக வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில், கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. இப்படிப்பட்ட மலையில் பேரிடர் பெரும்பாலும் சின்ன உருவத்தில்தான் வரும்: ஐப்பசி மழையில் வளைவில் மண் சரியும், பலா மரம் சாய்ந்து வீட்டுக் கூரையை அமுக்கும், கோடையில் காட்டுத் தீ தோட்டத்தைத் தொடும், ஆட்களை ஏற்றிய வேன் பள்ளத்தில் உருளும், இருட்டில் களையெடுத்தவர் காலில் பாம்பு கொத்தும், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் ஏணியோடு விழுவார். இவற்றில் எதுவும் தேசியச் செய்தி ஆகாது. ஆனால் எதிலும் முதல் ஒரு மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கும்.

அந்த முதல் மணி நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு உலகம் முழுக்கச் சான்று கிடக்கிறது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் குலைத்தபோது இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 27,000 பேரைக் காப்பாற்றியது அண்டை வீட்டாரும் உறவினரும்தான் என்றும் அந்த நாட்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உலகிலேயே மிகச் சிறந்த தீயணைப்புத் துறைகளில் ஒன்றை வைத்திருக்கும் நாட்டின் கதை இது. நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரைத் தேடி முதலில் மேலேறியவர்கள் குரங்கணி ஊர் மக்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள்; மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி போய்ச் சேரவே மறுநாள் காலை ஆயிற்று. விடியும்வரை அங்கே இருந்தவர்கள் தப்பிப் பிழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் மட்டுமே. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது போர்வையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடியது அந்தச் சின்னக் குடியிருப்பின் மக்கள். நாட்டின் மிக உயர்ந்த ராணுவ அதிகாரிக்கே முதல் உதவி அக்கம்பக்கத்தாரிடமிருந்துதான் வந்தது. எடப்புளி நாட்டு விவசாயிக்கு வேறெங்கிருந்து வரும்?

ஆகவே கேள்வி இதுதான்: அந்த அக்கம்பக்கத்தாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? இணையத் தளங்கள் கற்பிப்பது எங்கும் செல்லுபடியாகும் அறிவை. மனிதாபிமானக் கோட்பாடுகள், நிவாரண முகாமில் ஒருவருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், குழந்தைகளைப் பாதுகாப்பது எப்படி, திட்ட அறிக்கை எழுதுவது எப்படி, நிதி வழங்கியவருக்குக் கணக்குக் காட்டுவது எப்படி என்பவை அவற்றில் முக்கியமானவை. சூடானிலும் சுமத்திராவிலும் கொல்லிமலையிலும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும் என்பதற்காகவே அவை அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. முதல் மணி நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் வேறு மாதிரி. எந்த ஓடை மூன்று மணி நேர மழைக்குப் பிறகு கடக்க முடியாமல் போகும், அப்போது எந்த ஒற்றையடிப் பாதை சாலைக்குக் கொண்டுவிடும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவி இருக்கிறார், யாரிடம் மரம் அறுக்கும் இயந்திரம் இருக்கிறது, அதற்கு எண்ணெய் யார் வீட்டில் கிடைக்கும், யாருடைய பிக்கப் வண்டி இரவில் கிளம்பும், எந்த மேட்டின் மேற்குச் சரிவில் போன வருடம் வெடிப்பு கண்டது. இவற்றுக்கு எந்தத் தளத்திலும் பாடம் இல்லை, இருக்கவும் முடியாது. எடப்புளி நாட்டுக்காரர்களில் பலருக்கு இவை ஏற்கெனவே தெரியும். அவர்களிடம் இல்லாதது வேறு: இந்த அறிவை ஒன்றாகத் திரட்டி, யார் எதைச் செய்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, கயிறும் ஸ்ட்ரெச்சரும் கையில் வைத்து, வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒத்திகை பார்க்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கைபேசிக்குள் வைத்து அனுப்ப வழியில்லை.

சிக்னல் கிடைக்காது, டவர் இல்லை என்ற புகாரை நான் இந்த வாதத்துக்குப் பயன்படுத்தப்போவதில்லை. மலையின் எல்லாச் சிற்றூர்களிலும் நாளையே 5ஜி வந்தாலும் நான் சொல்வது மாறாது. ஏட்டுச் சுரைக்காய் பழமொழியைச் சொல்லி விஷயத்தை முடித்துவிடவும் எனக்கு விருப்பமில்லை. ஏடு பல வேலைகளுக்கு உதவும், பேரிடரிலும் உதவும். ஆனால் சில திறன்கள் மூளையில் தங்குவதில்லை, கையில்தான் தங்குகின்றன, கையிலிருந்தும் சீக்கிரம் நழுவிவிடுகின்றன. நெஞ்சழுத்தி மூச்சூட்டும் சிபிஆர் முதலுதவியை எடுத்துக்கொள்வோம். பொம்மையின்மேல் நேரில் பயின்றவர்களிடம்கூட அந்தத் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தேயத் தொடங்கிவிடுகிறது என்பது மருத்துவக் கல்வி ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கும் உண்மை. எத்தனை ஆழம் அழுத்துவது, எத்தனை வேகத்தில் என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று ‘இன்னும் அழுத்து’ என்று சொன்னால்தான் பிடிபடும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒருவரைப் பள்ளத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்குவது, சரிவில் டோலி கட்டி இறக்கும்போது முன்னால் போகிறவர் எப்போது நிற்கச் சொல்ல வேண்டும் என்பது, கயிற்றை எந்த மரத்தில் எந்த முடிச்சில் கட்டினால் மூன்று ஆள் எடை தாங்கும் என்பது, இவையும் அந்த வகைதான். காணொளியில் பத்து முறை பார்த்தவருக்கும் நேரில் ஒரு முறை செய்தவருக்கும் உள்ள வேறுபாடு, முதல் முறையாக உண்மையான உடம்பைத் தூக்கும்போது தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது; தளங்களைப் பாராட்டுகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இணையப் பயிற்சி தனிமனிதருக்குத் தரப்படுகிறது: ஒரு கைபேசி, ஒரு கணக்கு, ஒரு பெயர், ஒரு சான்றிதழ். ஆனால் மலையில் உதவிக்கு வருவது ஒரு ஆள் அல்ல, ஒரு கூட்டம். ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆறு பேர் வேண்டும், வழியில் தோள் மாற்றிக்கொள்ள இன்னும் ஆறு பேர், சாலையில் வண்டியை நிறுத்திவைக்க ஒருவர், 108க்குச் சொல்லி எந்த வளைவுக்கு வர வேண்டும் என்று விளக்க ஒருவர். இவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும், ஒருவர் குரலுக்கு மற்றவர் கட்டுப்பட வேண்டும். பன்னிரண்டு பேர் தனித்தனியாகப் பன்னிரண்டு சான்றிதழ் வாங்கிவிட்டால் மட்டும் ஒரு குழு கிடைத்துவிடாது. மேலும், சான்றிதழ் ஊரில் நிற்பதில்லை. படித்த இளைஞர் அதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கோ சென்னைக்கோ கேரளத்துக்கோ வேலை தேடி இறங்குவார். இறங்குவது அவர் உரிமை. அதைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அவர் பெற்ற சான்றிதழைக் கொல்லிமலையின் தயார்நிலைக் கணக்கில் சேர்ப்பது மோசடி. மண் சரியும் பகல் பொழுதில் ஊரில் இருப்பவர்கள் பெண்களும் முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும்தான். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் குழுவினர், வயதான ஊர்க்கவுண்டர் ஆகியோர் இருக்கும் பயிற்சிதான் அந்த மலைக்குப் பயிற்சி. இணையத் தளங்கள் முதலில் சென்றடையாத கூட்டமும் இதுவே. உலகத் தளங்களின் பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அரபியிலும் இருக்கின்றன. நீண்ட பாடத்தை உட்கார்ந்து படித்துக் கேள்விக்குப் பதில் தட்டச்சு செய்யும் பழக்கம் உள்ளவரை மனத்தில் வைத்தே அவை அமைக்கப்பட்டிருக்கின்றன.

‘சென்றடைதல்’ பற்றிப் பேசும்போது எண்ணிக்கைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச இணையப் பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவை அலசியது. பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 2017-18இல் ஏறக்குறைய 3 சதவீதம் மட்டுமே. ஆண்டுக்கு ஆண்டு அது உயரவும் இல்லை. சேர்ந்தவர்களிலும் வசதியான நாட்டினரே மேலும் மேலும் கூடினார்கள். உலகின் மிகச் சிறந்த இரண்டு பல்கலைக்கழகங்கள் பணத்தைக் கொட்டி நடத்திய பாடங்களின் நிலை இது. ஆனால் அறிக்கைகளில் முன்னால் வருவது எப்போதும் பதிவு எண்ணிக்கைதான். ஐகாட் கர்மயோகியில் ஒரு கோடிக்கு மேற்பட்ட அரசு ஊழியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. அலுவலக வேலைக்கு அந்தத் தளம் பயன்படட்டும், நல்லது. ஆனால் மேலிடத்திலிருந்து ‘இத்தனை பாடம் முடித்தாக வேண்டும்’ என்று உத்தரவு வந்தால் கீழே என்ன நடக்கும் என்பதை அரசு அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காணொளி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், கோப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பச்சை நிறத்தில் ‘நிறைவு’ என்று வந்ததும் மாவட்ட அறிக்கையில் ஓர் எண் கூடும். அந்த எண்ணைக் கொண்டு மலைமேல் ஒரு மரத்தைக்கூட அகற்ற முடியாது.

இந்தத் தளங்கள் பெருகிய காலத்தையும் கவனிக்க வேண்டும். 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய நாடுகளும் பெரிய அமைப்புகளும் ஒரு வாக்குறுதி தந்தன: 2020க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம் கூடிய மட்டும் நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும். கெடு முடிந்தபோது நேரடியாகப் போனது ஒற்றை இலக்கச் சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டுகளில் உள்ளூர்ப் பணியாளருக்கான இணையப் பாடங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பணம் வரவில்லை, பாடம் வந்தது. அதிகாரத்தைப் பகிர்வதைவிடக் காணொளியைப் பகிர்வது மலிவு என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உள்ளூர்க்காரருக்குக் குறையாக இருப்பது அறிவுதான் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால் தீர்வாகப் பாடத்தைக் கொடுத்துவிடலாம். கயிறு, வண்டி, கூலி, காப்பீடு, முடிவெடுக்கும் உரிமை இவையெல்லாம் குறையாக இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டால் செலவு செய்ய வேண்டிவரும்.

இதற்கு முதல் மறுமொழி எனக்குத் தெரியும். ‘இணையம் மட்டும் போதும் என்று யார் சொன்னது? பாதி இணையம், பாதி நேரடி, இரண்டும் கலந்ததுதான் எங்கள் திட்டம்’ என்பார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் எடப்புளி நாடு போன்ற இடங்களில் இந்தக் கலவையின் எந்தப் பாதி வந்து சேரும், எந்தப் பாதி ‘அடுத்த கட்டமாக’ தள்ளிப்போகும்? இணையப் பாதிக்குப் பேருந்து வேண்டாம், பயிற்றுநர் வேண்டாம், மதியச் சாப்பாடு வேண்டாம். அது முதலில் வரும். நேரடிப் பாதிக்கு எல்லாம் வேண்டும். நிதியாண்டு முடிவில் அது விடுபடும். கலந்த பயிற்சியில் நம்பிக்கை உள்ளவர்கள் வரிசையை மாற்றிக் காட்டட்டும்: முதலில் மலைமேல் நேரடிப் பயிற்சி, அதை நினைவூட்டப் பிறகு காணொளி. அப்படிச் செய்தால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இதில் அரசுக்கே தெளிவு இருந்த ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் சோதனையாகத் தொடங்கிப் பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கென விரிவாக்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டம் 12 நாள் நேரடிப் பயிற்சியாகவே அமைந்தது. தன்னார்வலருக்கு மீட்புக் கருவிகள் அடங்கிய பை உண்டு, காப்பீடு உண்டு. ஒன்றிய அரசே உயிரைக் காக்கும் வேலைக்கு ஆள் தயாரிக்க வேண்டும் என்று வந்தபோது கைபேசிப் பாடத்தை நம்பவில்லை என்பதை, கைபேசிப் பாடத்தைப் போற்றுகிறவர்கள் ஒரு கணம் யோசிக்கலாம்.

செலவு பற்றிய மறுமொழிதான் அடுத்தது: தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பயிற்றுநரை அனுப்ப முடியுமா? எல்லாவற்றுக்கும் ஒரே வருடத்தில் அனுப்ப வேண்டியதில்லை. கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை, நீலகிரி, பழனிமலை என்று மலை ஊராட்சிகளை எடுத்துக்கொண்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பணமும் இல்லாமல் இல்லை. 15ஆவது நிதிக் குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த பகிர்வில், மாநிலப் பேரிடர் இடர் மேலாண்மை நிதியின் 10 சதவீதம் தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் என்றே தனியாக ஒதுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, தன் அலுவலரும் ஊழியரும் பயிற்சி பெற்றிருப்பதையும் மீட்புக்கு வேண்டிய பொருள்கள் உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருப்பதையும் உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. பயிற்சியையும் பொருளையும் சட்டம் அடுத்தடுத்த வரிகளில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கைபேசியில் பயிற்சியை முடித்துவிட்டால் பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கொரோனாக் காலத்தைக் காட்டி எழுப்பப்படும் மறுப்பு இவற்றைவிட வலுவானது. 2020இல் ஊரடங்கின் நடுவே ஓப்பன்டபிள்யூஎச்ஓ தளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பாடம் படித்தார்கள்; நம் நாட்டில் அந்த ஏப்ரலிலேயே தீக்ஷா என்ற அரசுக் கற்றல் தளம் வழியாக ஐகாட் பயிற்சி மருத்துவப் பணியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இது பயன்பட்டது, மறுக்க மாட்டேன். யாருக்குமே தெரியாத ஒரு புதிய நோய் பற்றி, ஏற்கெனவே கைத்திறன் பெற்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும் புதிய தகவலை விரைவாகக் கொண்டுசேர்க்க இணையத்தைவிடச் சிறந்த வழி இல்லை. ஊசி போடத் தெரிந்தவருக்கு எந்த ஊசி என்று சொல்லித்தர இணையம் போதும். ஊசி போடவே தெரியாதவருக்கு அது போதாது. 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தபோது, கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா பெருக்கெடுத்தோடிய ஆற்றின் மேல் கம்பியில் தொங்கிக் கடந்து அக்கரையில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு முதலுதவி செய்தார். தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு சுதந்திர நாளில் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அவரிடம் இருந்தது ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைத் தொட்டுப் பழகிய கை. அந்தத் துணிச்சலை எந்தப் பயிற்சியும் தராது. ஆனால் அந்தக் கையைத் தரும் பயிற்சி எது என்பதில் குழப்பமே வேண்டியதில்லை.

‘உள்ளூர் அறிவு என்று அளவுக்கு மீறிக் கொண்டாடாதீர்கள்’ என்றும் சிலர் சொல்வார்கள். சரிதான். பாம்பு கடித்தால் காலை இறுக்கக் கட்டுவது, கடிவாயைக் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது இவையெல்லாம் உள்ளூர் வழக்கங்கள்தான். உயிரையும் உறுப்பையும் பறிப்பவை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் நாட்டுப்புறத்தில், வீட்டிலேயே நேர்ந்த சாவுகள். எனவே தவறான பழக்கத்தைத் திருத்த வெளியிலிருந்து அறிவு வரத்தான் வேண்டும். எப்படி வர வேண்டும் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு. தலைமுறையாகக் கயிறு கட்டிப் பழகிய ஊரில் ‘கட்டாதே’ என்று ஒரு காணொளி சொன்னால் மக்கள் தலையாட்டிவிட்டுக் கட்டத்தான் செய்வார்கள். செம்மேடு மருத்துவமனையின் மருத்துவர் ஊருக்கு வந்து, ஊர்ப் பெரியவர் எதிரில் உட்கார்ந்து, ‘கட்டினால் என்ன ஆகும், கட்டாவிட்டால் பயம் எதற்கு’ என்று அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடிபட்ட காலை அசையாமல் குச்சி வைத்துத் தாங்கிக் காட்டி, விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனால் பழக்கம் அசையும். காணொளியோடு யாரும் வாதாட முடியாது. வாதாட இடமில்லாத இடத்தில் மனம் மாறாது. அறிவு எதிர்த் திசையிலும் பாயும் என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்: நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத்தருவதில் 1978 முதல் இயங்கும் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்குள்ள நிபுணர்கள் தேடித் திணறிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். எந்தத் தளத்தில் அவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கும்?

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று முத்திரை குத்த வருபவர்களுக்கு ஒரு பழைய நிகழ்வை நினைவூட்டுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமத்தில் சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார், ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்பு போயிற்று, மக்கள் ஓடினார்கள். ஒலிபெருக்கியை இயக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள், ஏனென்றால் கடல் நிலவரம் சொல்ல அது அன்றாடம் ஒலித்தது. அதன் குரலை ஊர் நம்பியது. இதே நிறுவனம்தான் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்க மக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. ஊர் ஊராக மக்கள் குழுக்களைக் கட்டுவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் 200க்கு மேற்பட்ட மழைமானிகளை ஊர்களில் நிறுவி அன்றாடம் அளவெடுத்துவருகிறது. 2024 சரிவுக்கு முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாக அது கூறியது. மழைமானி விலை அதிகமில்லை. எடப்புளி நாட்டில் ஒரு பள்ளிக்கூடம், ஓர் அங்கன்வாடி, இரண்டு தோட்ட வீடுகள் என்று நான்கு இடத்தில் வைத்துப் பிள்ளைகளே அளவு குறித்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எந்தச் சிற்றூர் எங்கே நகர வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவைத்தால், அந்த அறிவு அந்த ஊருக்குச் சொந்தம். கைபேசி அதைப் பரப்பும் கருவியாக இருக்கும், அதற்கு அதுவே சரியான இடம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எடப்புளி நாட்டாரிடமும் மற்ற நாட்டாரிடமும் என் வேண்டுகோள் இது: அடுத்த கிராம சபையில் பேரிடர் பயிற்சி பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பயிற்சி மலைமேல் நடக்க வேண்டும், தமிழில் நடக்க வேண்டும், தோட்ட வேலை குறைந்த மாதத்தில் நடக்க வேண்டும். வருபவருக்கு அன்றைய கூலி தரப்பட வேண்டும். கூலி இழந்து யாரும் பாடம் கேட்க முடியாது. பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். சிற்றூருக்கு ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு கயிறு, ஒரு முதலுதவிப் பெட்டி, ஊராட்சிக்கு ஒரு மரம் அறுக்கும் இயந்திரம் கணக்கில் ஏறி, யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மழைக்கு முன் ஓர் ஒத்திகை, தீக்காலத்துக்கு முன் ஓர் ஒத்திகை. தீயணைப்புத் துறையும் வனத்துறையும் சுகாதாரத் துறையும் அந்த நாள்களில் மலைக்கு வர வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதற்குப் பதிலாக ஓர் இணைய முகவரியை அனுப்பிவைத்தால், அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.